சுத்தம் கூடிப்போன தண்ணீர்

எங்கள் பள்ளிக்கூட மலரைத் தயாரிக்கும் குழுத் தம்பி ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "அண்ணை, உங்கட இதய ஆராய்ச்சியைப் பற்றி எல்லாருக்கும் விளங்கிற மாதிரி ஏதாவது எழுதித் தாங்கோ." சரி என்றுவிட்டேன். ஆனால் அந்தக் கதை பல்கலைக்கழகத்தில் தொடங்கவில்லை. நம்முடைய உயிரியல் ஆய்வுகூடத்தில், ஒரு தவளையோடு தொடங்கியது.

உயர்தர வகுப்பில் மாஸ்டர் தவளையின் இதயத்தை வெட்டியெடுத்து உப்புக் கரைசலில் போட்டுக் காட்டியது என் வகுப்பாருக்கு நினைவிருக்கும். உடம்பு ஒரு பக்கம், இதயம் ஒரு பக்கம், ஆனாலும் துடித்துக்கொண்டிருந்தது. நரம்பு தேவையில்லை, இதயம் தன் துடிப்பைத் தானே தொடக்கும் என்றார். பிறகு நாங்கள் செய்து பார்க்கும் முறை வந்தது. எங்கள் மேசைக்குக் கரைசல் தயாரித்தது நான். மாஸ்டரின் பழைய போத்தலில் இருந்தது குழாய்த் தண்ணீர். எனக்கு அது பிடிக்கவில்லை. காய்ச்சி வடித்த நீரில் நல்ல உப்பை நிறுத்துப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் எங்கள் இதயம் சோர்ந்து நின்றுவிட்டது. பக்கத்து மேசையில் குழாய்த் தண்ணீரில் கிடந்ததோ துடித்தபடியே இருந்தது. மாஸ்டர் எட்டிப் பார்த்து, "சுத்தம் கூடிப்போச்சு, தம்பி" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

கலாநிதிப் பட்டத்துக்குப் படித்த முதல் வருடம், நூலகத்தில் லண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கரின் 1883ஆம் ஆண்டுக் கட்டுரையை வாசித்தபோதுதான் விஷயம் விளங்கியது. அவருக்கும் இதேதான் நடந்திருக்கிறது. தன் கரைசல் காய்ச்சி வடித்த நீரில் செய்தது என்று நம்பியிருந்தார். உண்மையில் அது லண்டன் குழாய்த் தண்ணீர். சரியான நீருக்கு மாறியதும் தவளை இதயம் நின்றது. தண்ணீரில் கரைந்திருந்த கல்சியம்தான் அதைச் சுருங்க வைத்திருக்கிறது.

அந்தக் கல்சியத்தை விட்டு நான் பிறகு விலகவேயில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் இதயக் கலத்துக்குள் வெளியிலிருந்து கொஞ்சம் கல்சியம் நுழைகிறது. அது உள்ளே இருக்கும் சேமிப்புப் பைகளின் கதவைத் திறக்க, அங்கிருந்து நிறையக் கொட்டுகிறது, தசை சுருங்குகிறது. அடுத்த துடிப்புக்குள் அத்தனையையும் திரும்ப அள்ளி வைக்க வேண்டும். நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை! ரையனோடின் வாங்கி என்ற அந்தக் கதவு ஒழுகினால்தான் வில்லங்கம். ஒழுகிய ஒவ்வொரு கல்சியத்தையும் வெளியே தள்ள மூன்று சோடியம் உள்ளே வருகின்றன. அந்த மின்னேற்றமே வேளை தப்பிய ஒரு துடிப்பைக் கிளப்பப் போதும். மைதானத்தில் ஓடும்போது மயங்கி விழும் சில பிள்ளைகளுக்கு, சும்மா இருக்கையில் எடுத்த ஈ.சி.ஜி. சுத்தமாக இருக்கும். அவர்களில் பலருக்கு இந்தக் கதவின் மரபணுவில் பழுது இருப்பதை 2001இல் கண்டுபிடித்தார்கள்.

என் பங்கு சிறியது. நொதியத்தால் கலங்களைப் பிரித்து, கல்சியம் பட்டால் ஒளிரும் சாயம் ஏற்றி, இருட்டறையில் நுணுக்குக்காட்டி வழியே பார்த்துக்கொண்டிருப்பது. நல்ல கலம் வரிவரியான சின்னக் கோல்போல அசையாமல் கிடக்கும், நீளம் 0.1 மில்லிமீற்றர் அளவு. ஒழுகும் கலத்தில் ஒரு முனையில் வெளிச்சம் தோன்றி மறு முனைவரை அலையாக ஓடும். ஒருமுறை ஆறு கிழமையாக எல்லாக் கலமும் உருண்டையாகிச் செத்தன. பழைய பழக்கத்தில் தண்ணீரைத்தான் சந்தேகித்தேன். கடைசியில் பிழை புது நொதியப் போத்தலில்!

மருந்துக் கதை இதைவிடச் சிக்கலானது. மாரடைப்புக்குப் பின் வரும் உபரித் துடிப்புகளை அடக்கினால் உயிர் தப்பும் என்று நம்பிக் கொடுத்த மருந்துகளை 1989இல் நிறுத்த வேண்டி வந்தது. துடிப்பு அடங்கியது, ஆனால் அவற்றை எடுத்தவர்களில்தான் கூடப்பேர் இறந்தார்கள். எங்கள் துறை அதற்குப் பிறகு கொஞ்சம் அடக்கமாகப் பேசுகிறது என்பது என் எண்ணம். அவற்றில் ஒன்றான ஃப்ளெக்கனைட், நான் சொன்ன அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது உதவுகிறது. ஏன் உதவுகிறது என்பதில் இன்னும் சண்டைதான். அதில் நானும் ஒரு கட்சி.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். ரிங்கர் கட்டுரையைப் பிரதி எடுத்து அப்போதே மாஸ்டருக்கு அனுப்பியிருந்தேன். இரண்டு மாதம் கழித்து ஓர் அஞ்சலட்டை வந்தது: "வாசித்தேன். நல்ல காலம், அந்தப் போத்தலில் நான் மழைத் தண்ணி பிடிக்கேல்லை."