வாங்கத் தெரியாத வாத்தியார்

“இங்கயெண்டால் அந்த மனுசன் மஹரகமவுக்குப் போயிருப்பார். ஒரு சதம் கட்டத் தேவையில்லை. கதையும் அதோட முடிஞ்சிருக்கும்.”

எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் இளம் கணித ஆசிரியை ஒருவர் சொன்னது இது. ‘பிரேக்கிங் பேட்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பற்றிப் பேச்சு வந்தால் திருகோணமலையில் இப்படிச் சொல்ல ஒருவர் இருப்பார். மஹரகமவில் இருப்பது அரசாங்கப் புற்றுநோய் வைத்தியசாலை. இலவச வைத்தியம் உள்ள நாட்டில், தொடரின் நாயகனான இரசாயன ஆசிரியர் வோல்டர் வைட் போல ஒருவர் உருவாகியிருக்க மாட்டார் என்பது வாதம். ஐம்பது வயது, நுரையீரலில் புற்றுநோய், போதாத சம்பளம், பள்ளி விட்டபின் கார் கழுவும் வேலை, அதுவும் சொந்த மாணவனின் கார். அதனால்தான் ‘ஐஸ்’ என்ற போதைப்பொருளைக் காய்ச்சப் போனார் என்று நினைக்கிறார்கள். நானும் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிப்பவன் என்பதாலோ என்னவோ, இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடிவதில்லை.

ஏனென்றால் பணப் பிரச்சினை முதலாம் பருவத்தின் ஐந்தாவது அத்தியாயத்திலேயே தீர்ந்துவிடுகிறது. வோல்டருடன் சேர்ந்து நிறுவனம் தொடங்கிய பழைய நண்பன் எலியட், தன் பிறந்தநாள் விருந்தில் அவருக்கு வேலை தருகிறேன் என்கிறான். வோல்டரின் முகம் மலர்கிறது. அடுத்த பேச்சில் நல்ல மருத்துவக் காப்புறுதியும் இருக்கிறது என்று வருகிறது. நோயைப் பற்றி மனைவி ஸ்கைலர் சொல்லிவிட்டாள் என்பது அவருக்குப் பிடிபடுகிறது. அந்தக் கணமே வேலை பிச்சையாகிவிடுகிறது. பிறகு எலியட்டின் மனைவி கிரெச்சன் தொலைபேசியில் அழைத்து, செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்கிறாள். அதையும் மறுக்கிறார். வீட்டில் மட்டும் அவர்கள்தான் கட்டுகிறார்கள் என்று பொய்.

அந்த நிறுவனத்தில் தனக்கிருந்த பங்கை 5000 டொலருக்கு விற்றவர் அவர். இப்போது அதன் பெறுமதி 2.16 பில்லியன் டொலர், அதை வாராவாரம் தேடிப் பார்க்கிறேன் என்று ஐந்தாம் பருவத்தில், தன்னோடு ‘ஐஸ்’ காய்ச்சும் பழைய மாணவன் ஜெஸியிடம் அவரே சொல்கிறார். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த வலி தெரியும். பல்கலைக்கழக விடுதியில் ஒரே அறையில் இருந்தவன் இன்று வெளிநாட்டில் பேராசிரியர். நாங்கள் ஒன்றரை மணிக்குப் பள்ளி விட்டதும் உட்துறைமுக வீதியால் மோட்டார்சைக்கிளில் ரியூசனுக்கு ஓடுகிறோம். பெறுபேறு வந்தால் பிள்ளைகளின் படத்தோடு எங்கள் படத்தையும் பெரிதாகப் போட்டு பனர் கட்டுகிறார்கள். அதை ஒரு தடவையாவது நின்று பார்க்காத ஆசிரியரை நான் கண்டதில்லை.

சில வருடங்களுக்கு முன் எங்களோடு படிப்பித்த மூத்த ஆசிரியர் ஒருவருக்கு நோய் வந்தது. மஹரகமவில் வைத்தியம் இலவசம்தான். திருகோணமலையிலிருந்து போய்வரும் செலவும், கூட நிற்பவர் தங்கும் அறையும், நின்றுபோன ரியூசன் வருமானமும் இலவசமல்ல. கனடாவில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன் பணம் அனுப்புகிறேன் என்றான். மாஸ்டர் மறுத்துவிட்டு மனைவியின் காப்பை அடைவு வைத்தார். நாங்கள் உவர்மலையில் அவர் வீட்டுக்குப் போய்க் கெஞ்சினோம். “இது குடுத்துப் பழகின கை, தம்பி” என்றார். அதற்குமேல் பேச்சில்லை.

அந்த மாணவனின் தாய்தான் வழி கண்டவர். ஒரு பின்னேரம் தன் இளைய மகனையும் அவனுடைய கொப்பிகளையும் கொண்டுவந்தார். “சேர், சோதினை முடியும் வரைக்கும் இவனுக்கு நீங்கள்தான் வீட்டில வச்சுச் சொல்லிக் குடுக்க வேணும். மூத்தவன் மாசம் மாசம் அனுப்புவான்” என்றார். மாஸ்டர் கொப்பியை வாங்கிப் புரட்டினார். சமன்செய்யாமல் விட்ட சமன்பாடு ஒன்று கண்ணில் பட்டது. சிவப்புப் பேனையைத் தேடி எடுத்துத் திருத்தினார். ஒத்துக்கொண்டார் என்பது எங்களுக்கு விளங்கிவிட்டது.

எலியட்டிடம் அந்தத் தாயின் சூட்சுமம் இல்லை என்று நான் நினைப்பதுண்டு. ஆனால் இருந்திருந்தாலும் காரியம் ஆகியிருக்குமா? மாஸ்டருக்கு முன்னால் ஒரு பிள்ளை வந்து இருந்தால் போதும், மனம் ஆறிவிடும். வோல்டரிடம் பாடம் கேட்ட ஜெஸி கடைசிவரை அவரை ‘மிஸ்டர் வைட்’ என்றே கூப்பிடுகிறான். அந்த மரியாதை அவருக்குக் காணாது. அவனுக்கு வேறு எவரும் இருக்கக்கூடாது என்பது வரைக்கும் போகிறார்.

ஒரேயடியாக அவர் கெட்டுப்போகவில்லை. ஆய்வுகூடத்தில் அமிலத்துக்குள் காரத்தைத் துளித்துளியாக விட்டு அளக்கும் நியமிப்புச் செய்விக்கும்போது எனக்கு அவர் ஞாபகம் வரும். அளவியிலிருந்து காரம் விழும் இடத்தில் பினோத்தலின் என்ற காட்டி இளஞ்சிவப்பாகும், குடுவையைச் சுழற்றினால் மறைந்துவிடும். மறைவதைக் கண்ட துணிவில் பிள்ளைகள் இன்னும் திறந்துவிடுவார்கள். பிறகு ஒரு துளி விழும், நிறம் நின்றுவிடும், எவ்வளவு சுழற்றியும் போகாது. முதலாம் பருவத்தில் வோல்டர், நிலவறையில் பூட்டிவைத்த போதைப்பொருள் வியாபாரி கிரேஸி எய்ட்டைக் கொல்வதா விடுவதா என்று தாளில் இரு பக்கமும் எழுதிப் பார்க்கிறார். அவனுக்கு ஓரம் வெட்டிய சாண்ட்விச் கொடுக்கிறார். உடைந்த பீங்கானில் ஒரு துண்டு குறைவதையும், தன்னைக் குத்த அவன் அதை ஒளித்துவைத்திருப்பதையும் உணர்ந்தபின் கொல்கிறார், கொல்லும்போதே மன்னிப்புக் கேட்கிறார். இரண்டாம் பருவத்தில் ஜெஸியின் காதலி ஜேன் போதை மயக்கத்தில் வாந்தி அடைத்துச் சாகிறாள். உதவ ஓடிய வோல்டர் நின்றுவிடுகிறார். அன்றிரவு மதுச்சாலையில் ஒருவர், குடும்பத்தைக் கைவிடக்கூடாது என்று சொன்னதைக் கேட்டுத்தான் ஜெஸியிடம் வந்திருந்தார். சொன்னவர் ஜேனின் தகப்பன் என்பது அவருக்குத் தெரியாது. நிறம் நின்ற துளி அதுதான் என்பது என் எண்ணம். பாசத்தோடு படியேறியவர்தான் அந்தப் பிள்ளையைச் சாகவிட்டார்.

நான்காம் பருவத்தின் இராச்சாப்பாடு ஒன்றை ஆசிரியர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். போதைத்தடுப்பு அதிகாரியான சகலன் ஹாங்க், வோல்டரிடம் உதவியாளனாக இருந்து இறந்துபோன கேல் என்பவன்தான் தான் தேடிய ‘ஐஸ்’ மேதை என்று முடிவுகட்டிவிட்டான். வோல்டர் வாயை மூடியிருந்தால் தப்பியிருப்பார். வைன் குடித்துக்கொண்டே, அவனுடைய குறிப்புகள் பார்த்து எழுதியவை போலிருக்கின்றன, உங்கள் மேதை இன்னும் வெளியில் இருக்கலாம் என்கிறார். கொப்பியடித்த மாணவனைப் பற்றி நாங்கள் பேசும் அதே குரல். தன் விடைத்தாளில் இன்னொருவனின் பெயர் இருப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை.

கடைசி அத்தியாயத்தில் ஸ்கைலரிடம், எல்லாம் எனக்காகவே செய்தேன் என்று ஒத்துக்கொள்கிறாரே, மனம் திரும்பிவிட்டாரல்லவா என்று அந்தக் கணித ஆசிரியை கேட்டார். நான் இன்றுவரை அதற்கு இணங்கவில்லை. அதற்கு முதல் எலியட், கிரெச்சன் வீட்டுக்குப் போய் மேசையில் 97 லட்சத்து 20 ஆயிரம் டொலரை அடுக்கவைக்கிறார். மகனுக்கு 18 வயதானதும் உங்கள் பணம் என்று சொல்லிக் கொடுங்கள் என்கிறார், மறுத்தால் உயிர் போகும் என்ற மிரட்டலோடு. எந்தக் கையிலிருந்து தான் வாங்க மறுத்தாரோ, அந்தக் கையிலிருந்துதான் மகன் வாங்கப் போகிறான். வழக்கறிஞருக்கோ வரிக்கோ செலவு வந்தால் இந்தப் பணத்திலேயே எடுக்க வேண்டும், உங்கள் காசில் ஒரு சதமும் சேரக்கூடாது என்று அங்கேயும் கண்டிப்பாகச் சொல்கிறார்.