அம்மாவின் முதுகும் ஒரு மாத்திரையும்

மன்னார்குடிக்கு அருகே எங்கள் ஊரில் குறுவைக்கும் தாளடிக்கும் குனிந்து நாற்று நட்டே தேய்ந்த அம்மாவின் முதுகுத்தண்டில் சென்ற ஆண்டு அறுவை சிகிச்சை நடந்தது. தையல் ஆறிய பிறகும், இடுப்பிலிருந்து கெண்டைக்கால் வரை இறங்கிய எரிச்சல் விடவில்லை. மருத்துவர் டுலோக்செடின் எழுதித் தந்தார். மருந்துக் கடைக்காரர் “இது மனச்சோர்வு மாத்திரையாயிற்றே” என்றதும், அம்மா அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு, “எனக்கென்ன புத்தியா பிசகிவிட்டது?” என்று கேட்டார்.

அந்தக் கோபம் நியாயமானது. யாரும் அவருக்கு விளக்கவில்லை. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்புப் பாதைகள் வலிச் செய்தியை அடக்குகின்றன. அதற்குத் தேவையான செரடோனின், நார்எபிநெப்ரின் ஆகிய இரண்டு வேதிப்பொருள்களையும் இம்மருந்து நரம்புச் சந்திப்புகளில் கூடுதல் நேரம் நிற்கச் செய்கிறது. அதனால்தான் மனச்சோர்வு இல்லாதவருக்கும் வலி தணியக்கூடும். அமெரிக்காவில் 2010-லேயே நாள்பட்ட தசை, எலும்பு வலிக்கு இதற்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், எல்லோருக்கும் கேட்பதுமில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இதைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் குமட்டலும் வரலாம். டிரமடால் என்ற வலி மருந்துடன் சேர்ந்தால் செரடோனின் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். இரத்தக்கசிவு வாய்ப்பும் சற்றுக் கூடும் என்பதால், அறுவைக்கு முன்பே இதை உட்கொள்பவர்கள் மயக்க மருத்துவரிடம் தவறாமல் சொல்லிவிட வேண்டும்.

மாத்திரையைத் தொடங்கிய நான்காவது வாரம் அம்மா திண்ணையில் காலை நீட்டி அமர்ந்து, முருங்கைக்கீரை முழுவதையும் ஆய்ந்து முடித்தார்.