எழும்ப வேண்டாம், இன்னும் மினுக்கவில்லை

பல்லில் அடைத்ததை இறுக்குகிற நீல விளக்கை நிறுத்தினதுமே அரைவாசிப் பேர் கதிரையை விட்டு எழும்பப் பார்ப்பார்கள். "முடிஞ்சுதுதானே டொக்டர்?" முடியவில்லை. அடைத்த பல்லைத் தேய்த்து மினுக்கும் வேலை இனித்தான் தொடங்குகிறது. யாழ்ப்பாணத்தில் என்னிடம் வருகிற பலர் அதை வெறும் அழகு வேலை என்றுதான் நினைக்கிறார்கள்.

பல் நிறத்தில் அடைக்கிற கொம்போசிற் என்பது பிசினும் மிக நுண்ணிய கண்ணாடித் துகள்களும் சேர்ந்தது. ஒளி பட்டு அது இறுகும்போது காற்றுப் படுகிற மேற்பரப்பில் மட்டும் மெல்லிய படலம் ஒன்று இறுகாமல் நின்றுவிடும், ஒட்சிசன் அதை இறுக விடாது. அதை அப்படியே விட்டால் தேத்தண்ணிக் கறையும் வெற்றிலைக் கறையும் முதலில் அங்கேதான் ஏறும். சொரசொரப்பு அதைவிட மோசம். மேற்பரப்பின் சராசரிச் சொரசொரப்பு 0.2 மைக்குறோமீற்றரைத் தாண்டினால் கிருமிப் படலம் கூடுதலாகப் படியும் என்பது எங்கள் துறையில் பரவலாக ஏற்றுக்கொண்ட அளவு. ஈறு ஓரத்தில் அப்படிப் படிந்தால் ஈறு வீங்கும், துலக்கும்போது இரத்தம் வரும், அடைத்த பல்லின் ஓரத்திலேயே திரும்பச் சூத்தை விழவும் கூடும்.

முதலில் நிறத்தாளை வைத்து, "மெதுவாக் கடியுங்கோ, இப்ப அரைச்சுப் பாருங்கோ" என்பேன். உயரமாக நிற்கிற இடத்தில் நிறம் அழுத்தமாக ஒட்டும், அதை நுண்ணிய வைர முனையால் இறக்குவேன். அப்புறம் அலுமினியம் ஒட்சைட்டு பூசிய சின்னத் தட்டுகள், கரடுமுரடானதிலிருந்து மிக மென்மையானது வரை வரிசையாக. தச்சர் அரத்தாள் பிடிக்கிற அதே ஒழுங்குதான், முந்தின தட்டு போட்ட கீறலை அடுத்தது அழிக்க வேண்டும். நடுவில் ஒன்றைத் தாண்டினால் ஈரத்தில் பளபளக்கும், காற்றடித்து உலர்த்திப் பக்கவாட்டில் பார்த்தால் கீறல் அப்படியே கிடக்கும். ஒவ்வொரு தட்டுக்கும் இடையில் கழுவுவதும் முக்கியம், ஏனென்றால் மிஞ்சிய ஒரு கரடான துகளே போதும், மறுபடி கீறிவிடும். அழுத்தித் தேய்க்கவும் கூடாது, சூடேறினால் பல்லுக்குள் இருக்கும் நரம்புக்கு ஆகாது.

இவ்வளவு கவனமாகச் செய்து அனுப்பினால், வீட்டில் உமிக்கரி! "அந்தக் காலத்தில அதாலதானே தீட்டினாங்கள்" என்று அம்மாமார் சொல்வார்கள். உமியில் சிலிக்கா நிறைய இருக்கிறது, கரியாக்கி இடித்தாலும் துகள்கள் ஒரே அளவில் வராது. பல்லின் மேல் எனாமல், கடினத்தைக் காட்டும் மோஸ் அளவில் ஏறத்தாழ 5, அதற்குக் கீழே இருப்பது அதைவிட நன்றாக மெதுவானது. எனாமல் தேய்ந்தால் திரும்ப வளராது. ஈறு இறங்கி வேர் தெரிகிற இடத்தில் அந்த எனாமலும் இல்லை, அங்கே விரலால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே போனால் பள்ளம் விழுந்து குளிர்தண்ணி பட்டாலே கூசும். பற்பசை பல்லை எவ்வளவு தேய்க்கலாம் என்பதற்கு ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரத்தில் மேல் எல்லை இருக்கிறது, அந்தத் தேய்மானத்தைக் காட்டும் ஆர்டிஏ என்ற அளவில் 250. கையால் இடித்த கரியை யார் அளந்து பார்த்தார்கள்? இப்போது அழகான போத்தலில் விற்கும் கரித் தூளையும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இன்னொன்று, அடைத்தது நிறம் மாறிவிட்டது, கழற்றிப் புதிதாகப் போடுங்கள் என்று வருகிறவர்களுக்கு. அவசரப்பட வேண்டாம், முதலில் மினுக்கிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கறை மேலே மட்டும் என்றால் போய்விடும். ஓரத்தால் உள்ளே இறங்கியிருந்தால் பிறகு மாற்றுவதைப் பற்றிக் கதைக்கலாம்.