ஜெர்மனியில் சுயதொழில்: வாடகை வருமானமும் மருத்துவக் காப்பீட்டுச் சந்தாவும்

மென்பொருள் நிறுவனமொன்றில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்த காலத்தில், வுப்பர்டால் நகரில் நான் வாங்கி வாடகைக்கு விட்டிருந்த சிறிய குடியிருப்பு வருமான வரிக் கணக்கில் மட்டுமே இடம்பெற்றது. கட்டாயக் காப்பீட்டின் கீழ் வரும் ஊழியருக்குச் சம்பளத்தின் மீதுதான் மருத்துவக் காப்பீட்டுச் சந்தா கணக்கிடப்படும். வாடகையை எவரும் கேட்பதில்லை. 2023இல் வேலையை விட்டுச் சுயதொழிலுக்கு வந்து, அரசுமுறைக் காப்பீட்டிலேயே விருப்ப உறுப்பினராகத் தொடர்ந்தபோது நிலைமை மாறியது. சமூகச் சட்டத் தொகுப்பின் ஐந்தாம் நூலில் 240ஆம் பிரிவு, விருப்ப உறுப்பினரின் முழுப் பொருளாதார வலிமையையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. தொழில் இலாபத்தோடு வாடகை, வட்டி, ஈவுத்தொகை ஆகியவையும் அதில் சேரும்.

காப்பீட்டு நிதியம் அனுப்பிய வருமான விவரப் படிவத்தில் வாடகைக்கெனத் தனிக் கட்டம் இருந்தது. அங்கே எழுத வேண்டியது கைக்கு வரும் மொத்த வாடகை அன்று. வரிச் சட்டப்படி செலவுகளைக் கழித்தபின் எஞ்சும் தொகை மட்டுமே. என் கணக்கைச் சொன்னால் விளங்கும். ஆண்டு வாடகை 9,600 யூரோ. வங்கிக் கடனுக்கான வட்டி 3,400. 1970களில் கட்டிய வீடு என்பதால், நிலத்தின் விலையை நீக்கிய கட்டட மதிப்பான 1,50,000 யூரோவில் ஆண்டுக்கு 2%, அதாவது 3,000 யூரோ தேய்மானம். வாடகைதாரரிடம் வசூலிக்க முடியாத நிர்வாகச் செலவு 500. எஞ்சுவது 2,700.

ஆனால் அந்த 2,700 யூரோ என் கையில் இருப்பதில்லை. கடன் தவணையில் அசலுக்குப் போகும் 4,300 யூரோவைச் செலவாகக் காட்ட முடியாது. வீட்டு உரிமையாளர் சங்கத்தின் பராமரிப்பு நிதிக்குக் கட்டும் 500 யூரோவையும், அது உண்மையில் செலவாகும்வரை கழிக்க இயலாது. தேய்மானமான 3,000 யூரோ கையிலிருந்து போவதில்லை என்றாலும், உண்மையில் மிஞ்சுவது 900 யூரோதான். 2025ஆம் ஆண்டுக்கான விகிதங்களில், நோய்க்காலப் பணம் இல்லாத காப்பீட்டுக்கு 14%, சராசரிக் கூடுதல் சந்தா 2.5%, ஒரு குழந்தை உள்ளவருக்கான முதியோர், நோயாளிப் பராமரிப்புக் காப்பீடு 3.6% எனக் கூட்டினால் 20.1% வரும், 2,700க்கு ஏறக்குறைய 543 யூரோ. எங்கள் வரி அடுக்கில் அதே தொகைக்குச் சுமார் 30% வருமான வரியும் உண்டு. கட்டிய சந்தாவை அடுத்த கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், இரண்டுக்குமாகச் சுமார் 1,350 யூரோ ஆவதால், மிஞ்சும் 900 போக ஏறக்குறைய 450 யூரோவை நான் என் தொழில் வருமானத்திலிருந்தே எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். சுயதொழிலுக்கு மாற நினைப்பவர் இந்தக் கணக்கை வேலையை விடும் முன்பே போட்டுப் பார்ப்பது நல்லது.

எல்லோருக்கும் இப்படி ஆகாது. 2025இல் மாத வருமானம் 5,512.50 யூரோவைத் தாண்டியிருந்தால், அதற்கு மேற்பட்ட தொகைக்குச் சந்தா இருக்கவில்லை; தொழில் இலாபமே அந்த வரம்பைத் தொட்டுவிட்டால் வாடகையால் சந்தா ஏறாது. வருமானம் மிகக் குறைவாக இருந்தாலும், அந்த ஆண்டில் மாதம் 1,248.33 யூரோ ஈட்டுவதாகவே வைத்துக் கணக்கிட்டார்கள். சிக்கல் இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் என்னைப் போன்றவர்களுக்குத்தான்.

2025இல் குளியலறைக் குழாய்கள் கசிந்து, மாற்றுவதற்கு 6,000 யூரோ செலவானது. அதை ஒரே ஆண்டில் காட்டினால் வாடகைக் கணக்கு 3,300 யூரோ நட்டத்தில் முடியும். வரி அலுவலகம் அந்த நட்டத்தைத் தொழில் இலாபத்தில் கழித்துக்கொள்ளும். காப்பீட்டு நிதியமோ வாடகையைச் சுழியம் என்று மட்டும் எடுத்துக்கொண்டு, தொழில் இலாபம் முழுவதற்கும் சந்தா கேட்கும். ஒருவகை வருமானத்தின் நட்டத்தை இன்னொரு வகையின் இலாபத்தோடு நேர்செய்ய அங்கே இடமில்லை. ஆகவே 3,300 யூரோ செலவு சந்தாவைப் பொறுத்தவரை வீணாகியிருக்கும்.

இதற்கு வழி வருமான வரி நடைமுறை ஒழுங்குவிதியின் 82பி பிரிவில் இருக்கிறது. தனியார் சொத்தாக உள்ள குடியிருப்பு வீட்டின் பெரிய பழுதுச் செலவை இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்துக் காட்டலாம். நான் மூன்று ஆண்டுகளைத் தேர்ந்தெடுத்தேன். ஆண்டுக்கு 2,000 கழிய, வாடகை வருமானம் 700 யூரோவாக நிற்கிறது. நட்டமே ஏற்படாததால் 6,000 யூரோவும் சந்தாக் கணக்கில் பயன் தருகிறது. வரி மட்டும் பார்ப்பவருக்கு ஒரே ஆண்டில் கழிப்பது கவர்ச்சியாகத் தெரியும்; விருப்ப உறுப்பினராக இருப்பவர் தம் வரி ஆலோசகரிடம் இதைக் கேட்டே ஆக வேண்டும், ஏனெனில் ஆலோசகர் பெரும்பாலும் வரியைத்தான் பார்ப்பார்.

வீட்டில் பாதியை மனைவியின் பெயருக்கு மாற்றும் யோசனையும் வந்தது. அவர் என் காப்பீட்டில் குடும்ப உறுப்பினர். 2025இல் மாதம் 535 யூரோ வரை அவருக்கு வருமானம் இருந்திருந்தாலும் தனிச் சந்தா இருந்திருக்காது. ஆனால் நோட்டரிச் செலவையும் வங்கியின் ஒப்புதலையும் நினைத்தபோது, ஆண்டுக்கு 270 யூரோ அளவிலான மிச்சத்துக்கு அது தகாது என்று விட்டுவிட்டோம்.

2018 முதல் சந்தா முதலில் தற்காலிகமாகவே நிர்ணயிக்கப்படுகிறது. வரி மதிப்பீட்டு ஆணை வந்தபின் அந்த ஆண்டுக்கு இறுதி செய்யப்படும். ஆண்டு முடிந்து மூன்று ஆண்டுகளுக்குள் ஆணையைக் காட்டாவிட்டால் உச்ச வரம்புச் சந்தாவே விதிக்கப்படும். எனவே வரி அலுவலகத்தின் எல்ஸ்டர் இணையதளத்தில் கணக்கைத் தாக்கல் செய்து, ஆணை கைக்கு வந்ததும் அதன் எல்லாப் பக்கங்களையும் நிதியத்துக்கு அனுப்பினேன். வாடகைக் கட்டத்தில் 700 யூரோ என்றே பதிந்து மறுகணக்கீட்டுக் கடிதம் வந்தது. கூடுதலாகக் கட்டியிருந்த தொகையை அடுத்த சந்தாக்களில் கழித்துக்கொண்டார்கள்.