எடை மெஷின் அசைய மறுக்கிறது

நடையோடு டம்பெல்லும் தூக்க ஆரம்பித்த புதிதில் எடை மளமளவென்று இறங்கியது. அப்புறம் அப்படியே நின்றுவிட்டது. புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எண் மட்டும் மேலும் கீழும் ஆடுகிறது. "பேட்டரி போயிருக்கும்க்கா" என்றாள் தங்கை. மாற்றிப் பார்த்தேன், அதே எண்தான்.

கணக்கு எழுதுவது என் தொழில். ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி. நடையில் தினம் 250 செலவானால் மாதம் ஒரு கிலோ குறைய வேண்டும். காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இதையே வருடக்கணக்கில் நீட்டிப் பாருங்கள், ஆளே மிஞ்ச மாட்டேன்!

இந்தக் கணக்கில் வராத முதல் ஆள் தண்ணீர். தசை தன் எரிபொருளைக் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டிக்கொள்ளும். பயிற்சி பழகப் பழக இந்தச் சேமிப்பு கூடும். போதாக்குறைக்கு, புதிதாக வேலை வாங்கிய தசை வலிக்கும்போது அங்கேயும் நீர் கோக்கும். உள்ளே கொழுப்பு கரைந்துகொண்டிருந்தாலும் மெஷினுக்கு அது தெரியாது.

எடை குறைந்த உடம்புக்குச் செலவும் குறைவு, அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்கு வியப்பாக இருந்தது வேறு. தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்களை அமெரிக்க மானுடவியலாளர் ஹெர்மன் பான்ட்சரின் குழு அளந்து 2012இல் வெளியிட்டது. நாளெல்லாம் நடக்கும் அவர்களும், நாற்காலியில் உட்காரும் மேற்கத்தியர்களும், உடல் அளவைக் கணக்கில் கொண்டால் ஏறக்குறைய ஒரே அளவு கலோரிதான் செலவழிக்கிறார்களாம். கூடுதலாக உழைத்தால் உடம்பு வேறெங்கோ சிக்கனம் பிடிக்கிறது என்பது அவர் விளக்கம். என் சிக்கனம் எங்கே என்று தேட வேண்டியதில்லை. பயிற்சி முடித்த நாளில் முதல் மாடிக்கே லிஃப்டில் போகிறேன், எதிரில் இருக்கும் போனை எடுத்துத் தரவும் மகனைக் கூப்பிடுகிறேன்.

இப்போது தினசரி எண்ணைப் பார்த்து மூடு கெடுவதில்லை, வாரச் சராசரி மட்டும் எழுதுகிறேன். கூடவே இடுப்பளவு. எடை நின்ற பிறகும் டேப் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேல் இரண்டுமே அசையாவிட்டால் அதைத் தண்ணீர் என்று சொல்லித் தப்பிக்க முடியாது, வரவும் செலவும் சமமாகிவிட்டது என்று அர்த்தம். அன்றைக்குத் தட்டில் கை வைப்பேன். அதுவரை, பயிற்சியாளர் எத்தனை முறை சொன்னாலும் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்துவதாக இல்லை.