சுந்தர ரெட்டி கொடுத்த வாக்கு

முத்துலட்சுமி ரெட்டி என்றால் 1912-இல் பெற்ற மருத்துவப் பட்டம், தேவதாசி முறைக்கு எதிரான போராட்டம், 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எல்லாம் நினைவுக்கு வரும். எனக்கு அவருடைய கணவர் சுந்தர ரெட்டியும் சேர்ந்தே வருவார். கல்யாணத்தில் நாட்டமில்லாமல் இருந்தவர் முத்துலட்சுமி. சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று கேட்டார். சுந்தர ரெட்டி ஒப்புக்கொண்ட பிறகுதான் 1914-இல் திருமணம். அவரும் டாக்டர். 1925-இல் மனைவியின் மேற்படிப்புக்காகக் குடும்பத்தோடு இங்கிலாந்து போனார்கள். அந்தக் காலத்தில்!

கல்யாணத்துக்கு அப்புறம் நான் மறுபடி படிக்க உட்கார்ந்தபோது, இரவுச் சமையலை என் கணவர் எடுத்துக்கொண்டார். தேர்வு முடிந்த பிறகும் அது அவர் வேலையாகவே இருக்கிறது. அந்த நேரத்தில்தான் இப்போது அடுத்த படிப்புக்குத் தயாராகிறேன்.