அரை வாளித் தண்ணீர்

கல்லூரி கான்கிரீட் லேபில் எங்கள் குழுவில் எட்டுப் பேர். இரண்டு பேர் கலவை போடுவார்கள், ஒருவன் அதைக் கியூப் அச்சில், அதாவது பலம் சோதிப்பதற்கான கனசதுரக் கட்டிகளின் அச்சில், நிரப்பிக் குத்துவான். நான் அளவுகளை எழுதிக்கொள்வேன். ரெக்கார்ட் நோட்டுக்கு நல்ல மார்க். நாலு வருஷத்தில் ஈரக் கான்கிரீட்டை ஒருமுறைகூடக் கையால் தொட்டதில்லை.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம், தூண்களுக்கு எம்25 என்ற தரத்தில் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தோம். சுற்றுக்கு ஒரு மூட்டை சிமென்ட். கம்பி நெருக்கமாக இருந்ததால் கலவை இறங்க மறுத்தது. மேஸ்திரி மிக்சர்காரரைப் பார்த்துக் கையசைத்தார். சுற்றுக்கு அரை வாளித் தண்ணீர் கூடுதலாக விழுந்தது. என் முகத்தைப் பார்த்தவர், "ஒண்ணும் ஆகாது தம்பி, இறுகிரும்" என்றார். முப்பது வருஷமாகக் கட்டடம் கட்டுகிறவர். நான் வாயைத் திறக்கவில்லை.

50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர் என்றால் நீர்-சிமென்ட் விகிதம் 0.5. அரை வாளி, அதாவது ஐந்து லிட்டர் கூடினால் 0.6. பரீட்சையில் எத்தனையோ தடவை போட்ட கணக்குதான். வாளியைப் பார்த்த நேரத்தில் அது கணக்காகவே தெரியவில்லை. சிமென்ட்டுக்குத் தேவைப்படாத தண்ணீர் பிறகு வெளியேறி, உள்ளே நுண்துளைகளை விட்டுப்போகும். பலம் போவது அதில்தான்.

28ஆம் நாள், அந்தக் கலவையில் எடுத்த கியூப்களை உடைத்தார்கள். சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் வர வேண்டிய இடத்தில் 21. தூணிலேயே கோர், அதாவது சோதனைக்காகக் குடைந்தெடுக்கும் உருளைத் துண்டு, எடுக்க முடிவானது. இயந்திரம் தூணைக் குடைந்த அந்தக் காலை முழுக்க மேஸ்திரியும் நானும் பேசாமல் நின்றோம். கோர்களின் சராசரி பலம், வர வேண்டிய பலத்தில் 85 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எந்த ஒன்றும் 75க்குக் கீழே போகக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456. இரண்டும் தேறின. தூண்கள் நின்றன.

மேஸ்திரியின் சிரமம் பொய்யில்லை. 'தண்ணி ஊத்தாதீங்க' என்று மட்டும் சொன்னால் அவர் என்ன செய்வார்? கம்பிகளுக்கு இடையே இறங்கும் சின்ன 12 மி.மீ. ஜல்லி கலந்த மிக்ஸ் கேட்டிருக்கலாம், தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் சேர்க்கச் சொல்லியிருக்கலாம். வேலையை நிறுத்தி அவருக்கு ஒரு வழி காட்ட வேண்டியது என் பொறுப்பு. அதற்கு நான் தயாராகவில்லை.

கடைசி வருட மாணவர்கள் என்னிடம் எந்த சாப்ட்வேர் படிக்கலாம் என்று கேட்கிறார்கள். ஆட்டோகேட் அவசியம் படியுங்கள். ஆனால் ஒரு விடுமுறையில், தளம் போடும் இடத்தில் அனுமதி கேட்டு, காலையிலிருந்து கடைசிச் சுற்று வரை மிக்சர் பக்கத்தில் நில்லுங்கள். கலவையின் இளக்கத்தைச் சோதிக்கும் ஸ்லம்ப் கூம்பை நீங்களே நிரப்புங்கள்: உயரம் 30 செ.மீ., மூன்று அடுக்கு, அடுக்குக்கு 25 குத்து. கூம்பைத் தூக்கியதும் கலவை எப்படி உட்காருகிறது என்று கண் பழகிவிட்டால், கூடுதல் தண்ணீரைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம்.

போன மாதம் சேர்ந்த பயிற்சிப் பொறியாளர் முதல் நாளே நோட்டும் பேனாவுமாக வந்து நின்றார். நோட்டை நான் வாங்கிக்கொண்டேன். குத்துக் கம்பியை அவர் கையில் கொடுத்தேன்.